கழுவாத உடுப்பு

தங்கை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சாரங்கன் மூக்கைப் பொத்திக்கொண்டான். சாம்பிராணிப் புகை, வடைச் சட்டி எண்ணெய், பட்டுச் சேலைக்குள் அவிந்துகொண்டிருக்கும் மனிதர்களின் வியர்வை, அதற்கு மேல் யாரோ தாராளமாக அடித்துக்கொண்டு வந்த சென்ற் எல்லாம் ஒன்றாக வந்து முகத்தில் அடித்தன. வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளில் விசேஷம் என்றால் இந்தக் கலவை வழக்கம்தான், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்குள்ளிருந்து கூராகக் கிளம்பி மூக்கில் ஏறிய இன்னொரு மணத்தைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. அலுமாரியில் சேலைகளுக்கு இடையே போட்டுவைக்கிற வெள்ளைப் பூச்சி உருண்டையின் மணம் அது.

அந்த மணத்துக்கும் அவனுக்கும் சின்ன வயதிலிருந்தே பகை. இடம்பெயர்ந்து வன்னியில் மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்துக் கிடந்த காலத்தில், ஒன்பது வயதில், அவனுக்கு மலேரியா வந்தது. குளிசை கொடுத்தார்கள். பக்கத்துக் கூடாரப் பிள்ளைகளெல்லாம் அதே குளிசையை விழுங்கிச் சுகமாகி ஓடித் திரிய, அவன் மட்டும் மஞ்சளித்து, மூத்திரம் பால் விடாத பிளேன்ரீயின் நிறத்தில் போக, செத்துப் பிழைத்தான். இரத்தத்தில் ஒரு நொதியம் பிறப்பிலேயே குறைவு, சில குளிசைகளும் பூச்சி உருண்டையும் இந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று ஒரு டொக்டர் தாயிடம் சொல்லி அனுப்பினார். தாய் தவமலர் அதைக் கந்தசஷ்டி விரதம் மாதிரிக் கடைப்பிடித்தாள். கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டுக்கு வந்த பிறகும் அவள் அலுமாரிக்குள் பூச்சி உருண்டை போனதில்லை. கரப்பான் அரித்த சேலையை உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போவாளே தவிர அதை வாங்க மாட்டாள்.

அவ்வளவு கவனமான மனுஷி வெளியே ஒருவரிடமும் இதைப்பற்றி மூச்சு விட்டதில்லை. கேட்டால், பெடியனுக்குக் காஸ்ரிக் என்பாள். மகள் யதுஷாவுக்குச் சம்பந்தம் பேசும்போது, உங்கள் பக்கம் பரம்பரை வருத்தம் ஏதும் உண்டோ என்று மாப்பிள்ளை பகுதி கேட்டது. மகனை எதிரில் வைத்துக்கொண்டே, இந்த வீட்டில் ஒருவருக்கு ஒழுங்கான தடிமன் காய்ச்சல்கூட வந்ததில்லை என்று சொல்லிவிட்டாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய் என்று சும்மாவா சொல்லிவைத்தார்கள். அன்றைக்குச் சாரங்கனும் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தான்.

இன்றைக்கு அந்த யதுஷாவின் பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள், பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிவு. ஐயர் வந்து புண்ணியவாசனம் செய்துவிட்டுப் போய்விட்டார். கூடத்தின் நடுவில் கதிரையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பெற்றவளைப் போல் அல்ல, பிள்ளையைக் கண்டுபிடித்தவளைப் போல் ஜெகதீஸ்வரி வீற்றிருந்தாள். அவள் யதுஷாவின் கணவன் கார்த்திகனுக்கு அக்கா. அதே தொடர்மாடியில் மேல் வீட்டில் இருக்கிறாள். அவுஸ்திரேலியாவில், மெல்பேணில் அவளுக்கு இரண்டு மகன்கள், ஒருவன் எஞ்சினியர், மற்றவன் டொக்டர். இந்த விஷயம் தெரியாத ஆள் வெள்ளவத்தையில் இருந்தால் அவர் நேற்றுத்தான் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்க வேண்டும்.

மகன்கள் ஆளானதற்கு ரியூசனோ அவர்களுடைய மூளையோ காரணம் இல்லை என்பது அவளது தீர்மானம். பிறந்த மாதத்தில் அவர்கள் போட்ட சட்டையும் தொப்பியும் போர்வையும்தான் காரணம். ராசியான உடுப்பு. அதை ஒரு சூட்கேசுக்குள் அடுக்கி, பூச்சி உருண்டையைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட்டு, இருபது வருஷத்துக்கு மேலாகக் கட்டிலுக்குக் கீழே அடைகாத்து வைத்திருந்தாள். வருஷத்துக்கொருமுறை திறந்து, கரைந்துபோன உருண்டைகளுக்குப் பதிலாகப் புதியவை போடுவாளாம். காலையில்தான் அந்தச் சூட்கேசைத் திறந்திருக்கிறாள். பிள்ளையைத் தலை முதல் கால்வரை எண்ணெய் பூசிக் குளிக்க வார்த்து, மறுபடியும் மினுமினுக்க எண்ணெய் தடவி, அந்தச் சட்டையை மாட்டி, அந்தத் தொப்பியைப் போட்டு, அந்தப் போர்வையால் சுற்றிவிட்டாள். மஞ்சளாகிப்போன அந்தப் பழந்துணிக்குள்ளிருந்து பிள்ளையின் முகம் மட்டும் தெரிந்தது. ஆட்கள் சுற்றி நின்று போனில் படம் பிடித்தார்கள். மணம் தாங்காமல் மூக்கைச் சுளித்தவர்களும் சுளித்தபடியே, நல்ல வடிவாக இருக்கிறது என்றார்கள்.

சாரங்கன் ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். சீ, என்ன மனுஷர் இவர்கள். கிட்டப் போய், மணம் கடுமையாக இருக்கிறது, ஒருக்கால் கழுவி வெயிலில் போட்டுவிட்டுப் போட்டால் என்ன என்று மெல்லக் கேட்டான். ஜெகதீஸ்வரி பக்கத்தில் நின்ற பெண்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"கழுவினால் ராசி போயிடும் தம்பி. என்ர ரெண்டும் இதைப் போட்டுத்தானே வளந்ததுகள்? அதுகளுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

அவன் குசினிக்குள் போனான். தவமலர் பாயாசத்தைக் கோப்பைகளில் வார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவே வேண்டியிருக்கவில்லை, முகத்தைப் பார்க்கவே தெரிந்தது, அவள் மூக்கிலும் அந்த மணம் ஏறியிருக்கிறது. இந்த வருத்தம் தாயாலே பெடியன்களுக்கு இறங்குவது, எனக்கு உன்னால் வந்தது என்றால் யதுவால் அவளுடைய பெடியனுக்கும் வரலாம், போய்ச் சொல்லு என்றான். அவள் கரண்டியை வைக்கவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் வரும் என்று யார் சொன்னது, இத்தனை பேருக்கு முன்னால் எதைச் சொல்வது, கலியாணம் கட்டி இரண்டு வருஷம் ஆகவில்லை, அவளைக் கொண்டுவந்து நம் வீட்டில் விடவா என்றாள். கடைசியில், ஆட்கள் போனதும் யதுவிடம் இரகசியமாகச் சொல்லி உடுப்பை மாற்றச் சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டாள்.

சாரங்கன் அதை நம்பினான். நம்புவது வசதியாகவும் இருந்தது. அந்த மணத்துக்குள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் சத்தி எடுத்துவிடுவான் போலிருந்தது. சாப்பிடாமலே படியிறங்கி, கடலோரத் தண்டவாளம் வரை நடந்து, உப்புக்காற்றை வாய் திறந்து குடித்தான்.

சில நாட்கள் கழித்து, துறைமுகத்தில் ஒரு கொள்கலனைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கிற அலுவலாக நின்றபோது கார்த்திகனின் அழைப்பு வந்தது. பிள்ளை பால் குடிக்கவில்லை, கண்ணெல்லாம் மஞ்சள், அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்றான். சாரங்கன் மிச்சத்தைக் கேட்காமல் முச்சக்கரவண்டியைப் பிடித்தான்.

பிள்ளைகள் வாட்டுக்கு வெளியே ஆட்கள் இருக்க ஒரு நீண்ட மர வாங்கு. அதில் ஒரு நுனியில் தவமலர், மறு நுனியில் ஜெகதீஸ்வரி, அவள் மடியில் துணிப்பை ஒன்று. நடுவில் கார்த்திகன் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தான். யதுஷா உள்ளே பிள்ளையோடு நின்றாள். அவள் பிள்ளைக்குக் கழற்றிக் கொடுத்த ஈர நப்பியைக் கார்த்திகன் ஒரு பொலித்தீனில் சுற்றி, டொக்டருக்குக் காட்ட வேண்டும் என்று கையிலேயே வைத்திருந்தான். சாரங்கன் அதை விரித்துப் பார்த்தான். பிளேன்ரீ நிறம். அந்த நிறத்தை அவன் வாழ்நாளில் மறக்கவில்லை.

இவ்வளவு நடந்தும் வாங்கின் இரண்டு நுனிகளிலும் வாய்கள் ஓயவில்லை. முப்பத்தொன்றுக்கு வந்த யாரோ ஒருத்தியின் கண் என்றாள் ஜெகதீஸ்வரி. யதுஷா அன்னாசி தின்றாளோ, பால் சூடாகிவிட்டதோ என்றாள். மெல்பேண் டொக்டர் மகன் வீடியோவில் வந்து, இளவெயிலில் காட்டினால் மஞ்சள் போய்விடும் என்று சொன்னானாம், அதை மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தவமலர் எல்லாவற்றுக்கும் ஓம் போட்டாள். கண்ணூறு என்றால் ஓம், அன்னாசி என்றால் ஓம். பெற்ற மகள்மேல் பழி விழுந்தாலும் பரவாயில்லை, மூடி வைத்ததன்மேல் விழக்கூடாது. தன்னைக் காத்து வளர்த்த தாயைப் பார்த்து இப்படி அருவருக்க முடியும் என்று சாரங்கன் அன்றுவரை நினைத்ததில்லை. அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான்.

டொக்டர் பர்ஸானா வெளியே வந்தார். முகமூடிக்கு மேலே கண்கள் களைத்திருந்தன. பிள்ளையின் இரத்தம் மளமளவென்று உடைகிறது, காரணம் தெரியவில்லை, கிருமியோ வேறொன்றோ என்று பார்க்கிறோம், இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார். பிறகு இவர்களுக்கு விளங்கட்டும் என்று நின்று சொன்னார். ஒட்சிசன் இல்லாமல் உயிர் இல்லை என்பது சரிதான், ஆனால் இரும்பைத் துருப்பிடிக்க வைப்பதும் அதே ஒட்சிசன்தான், உடம்புக்குள்ளும் அது அந்த நாச வேலையைச் செய்யப் பார்க்கும். உடம்பின் ஒவ்வொரு கலமும் அதைத் தடுப்பதற்கென்று நொதியங்களை வைத்திருக்கிறது. ஒட்சிசனையே சுமந்து திரிகிற இரத்தச் செங்குழியத்துக்கு அந்தக் காவல் இன்னும் கூட வேண்டும். சிலருக்கு அந்தக் காவலுக்குப் பலம் கொடுக்கிற ஒரு நொதியம் பிறப்பிலேயே குறைவு. சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஆகாத மருந்தோ நஞ்சோ உள்ளே போனால் காவல் போதாமல் செங்குழியங்கள் உடைந்து கொட்டும்.

உப்புக்காற்றில் கொள்கலன்கள் பொத்துப்போவதைச் சாரங்கன் தினமும் பார்க்கிறவன். பெயின்ற் உரிந்த இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். டொக்டர் சொல்வது அவனுக்கு நன்றாகவே விளங்கியது. தன்னுடைய உடம்பைப்பற்றி யாரோ ஒருவர் வாய்விட்டுச் சொல்லக் கேட்பது ஒன்பது வயதுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"அந்த டெஸ்டுக்கும் குடுத்தீக்கிறம்," என்றார் டொக்டர், தன் ஊர் முஸ்லிம் பேச்சில். "ஆனா பழைய செல் எல்லாம் உடைஞ்சி, புதுசு மட்டும் மிஞ்சி ஈக்கிற நேரம் பாத்தா ரிசல்ட் நோமலாத்தான் காட்டும். அதை நம்பேலா. உங்கட குடும்பத்தில யாருக்காச்சும் இப்பிடி வந்தீக்கா? மறைக்காம செல்லுங்க."

கார்த்திகன் அக்காவைப் பார்த்தான். ஜெகதீஸ்வரி தலையை ஆட்டி, தங்கள் பரம்பரையில் அப்படிப்பட்ட அழுக்கு எதுவும் இல்லை என்றாள். எல்லோரும் தவமலரைப் பார்த்தார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். மகனின் முகத்தை நேராகப் பார்த்தாள், பேசாதே என்று அந்தப் பார்வை சொல்லிற்று.

"எங்கட பக்கத்திலயும் இல்லை டொக்டர்."

கண்ணாடிக்கு உள்ளே பேரப்பிள்ளை மூச்சுக்கு அலைந்துகொண்டிருக்க, வெளியே நின்று ஒருத்தி மானத்தைக் காக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம், இவள் பிணத்தையல்லவா மறைக்கப் போகிறாள். சாரங்கன் டொக்டருக்கு முன்னால் போய் நின்றான்.

"எனக்கு இருக்கு," என்றான். "பிறப்பிலயிருந்து இருக்கு. நான் பிள்ளைக்குத் தாய்மாமன். மலேரியாக் குளிசை குடிச்சுச் சாகக் கிடந்தனான்."

தவமலர் கண்ணை மூடிக்கொண்டாள். டொக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ஏதும் மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை. வீட்டில் நப்தலின் பூச்சி உருண்டை ஏதும் பாவிக்கிறீர்களா என்று கேட்டார். சாரங்கன் ஜெகதீஸ்வரியின் மடியில், அந்தப் பழைய தொப்பி வெளியே தெரிந்த பையைக் காட்டினான். டொக்டர் பையை வாங்கி, முகமூடியைக் கீழே இழுத்துவிட்டுப் பையின் வாயைத் திறந்தார். திறந்த வேகத்திலேயே மூடினார். மேலே இருந்த சின்னச் சட்டையின் பொக்கற்றில் கரைந்தும் கரையாததுமாக ஒரு உருண்டை இருந்தது.

"இது பிள்ளைட உடம்பில எத்தின நாளா ஈக்கி?"

முப்பத்தொன்றிலிருந்து தினமும் என்றான் கார்த்திகன். இப்போதும் ராசிக்கென்று அக்கா கொடுத்த போர்வை கட்டிலில் இருக்கிறது, அதைச் சுற்றித்தான் படுக்க வைத்திருக்கிறோம் என்றான். கிருமிநாசினி மணத்தில் யாருக்கும் அது தெரியவில்லை. டொக்டர் பையை ஜெகதீஸ்வரியின் மடியிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். நேர்சைக் கூப்பிட்டுப் போர்வையை எடுக்கச் சொன்னதும், பிள்ளையின் உடம்பை நன்றாகக் கழுவச் சொன்னதும், எண்ணெய் பூசியிருந்தால் அந்த நஞ்சு தோலால் இன்னும் கெதியாக இறங்கும் என்று சொன்னதும் வெளியே கேட்டன.

அந்த நேரத்தில் ஜெகதீஸ்வரி என்ன கேட்டிருக்க வேண்டும்? பிள்ளை தப்புமா என்று கேட்டிருக்கலாம். ஐயோ, என்னால் வந்ததே என்று தலையிலடித்திருக்கலாம். அவள் வாங்கின் மறு நுனியைப் பார்த்துத் திரும்பினாள்.

"அப்ப மறைச்சுத்தான் எங்கட தலையில கட்டினனீங்கள்."

தவமலர் எழுந்து வந்தாள். மகனைப் பார்த்து, உன்னைப் பெற்றதற்கு நல்ல கைம்மாறு செய்தாய், இனி உனக்கு எவன் பெண் தருவான் என்றாள். ஒருத்திக்குத் தன் சூட்கேஸ் பெரிது, மற்றவளுக்குத் தன் சம்பந்தம் பெரிது. வழியால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கடைசியில் கார்த்திகன் எழுந்து, அந்தப் பையை அக்காவின் மடியிலிருந்து பறித்து, கொண்டுபோய்க் குப்பைத் தொட்டிக்குள் திணித்தான். ஜெகதீஸ்வரி பிள்ளைக்கு அழாதவள் அதற்கு அழுதாள்.

பிள்ளைக்கு இரத்தம் ஏற்றினார்கள். நீல வெளிச்சத்துக்குக் கீழே கிடத்தினார்கள். இரண்டு நாள் ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாதிருந்தது. அதற்குப் பிறகு மூத்திரத்தின் நிறம் தெளிந்தது, பிள்ளை கண்ணைத் திறந்தது, பிறகு வீறிட்டு அழுதது. இனி ஆபத்தில்லை, வாழ்நாளுக்கும் எதெது ஆகாது என்று எழுதித் தருகிறோம், மற்றப் பிள்ளைகளைப்போலத்தான் வளருவான் என்றார் டொக்டர் பர்ஸானா. சாரங்கனைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் சொல்லியிராவிட்டால் அந்தப் போர்வை அங்கேயே கிடந்திருக்கும் என்றார். அவன் அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டான். வீட்டில் தாய் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்ததுகூட அவனுக்கு உறைக்கவில்லை. நாலு பேருக்கு முன்னால் உண்மையைச் சொன்னவன் நான் என்று ஒரு மிதப்பு அவனுக்குள் வந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் போனபோது யதுஷா தனியாக இருந்தாள். கார்த்திகன் சாப்பாடு வாங்கப் போயிருந்தான். பிள்ளை அவள் மடியில் பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது, புது வெள்ளைச் சட்டை, உதட்டோரம் பால். சாரங்கன் அதன் உள்ளங்காலை விரலால் தொட்டுப் பார்த்தான். இரத்தம் ஓடிச் சிவந்திருந்தது. தாயைப்பற்றி மனதில் கிடந்ததை அப்போதுதான் கொட்டினான். அன்றைக்கே உன்னிடம் இரகசியமாகச் சொல்கிறேன் என்றவள், உனக்குக்கூடச் சொல்லாமல் விட்டாளே, இவளும் ஒரு பெற்றவளா என்றான்.

யதுஷா பிள்ளையின் தலையைத் தடவியபடி இருந்தாள்.

"அம்மா அண்டைக்கே சொன்னவ, அண்ணா."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை.

"சொல்ல முந்தியே எனக்குத் தெரியும். சூட்கேசைத் திறக்கேக்கையே மணந்தது. எங்கட வீட்டில அந்த மணம் ஏன் இல்லையெண்டு எனக்குத் தெரியாதோ?" அவள் குரலை உயர்த்தவில்லை. "கழற்றினால் மச்சாள் ஏனெண்டு கேப்பா. ஒவ்வொரு நாளும் காலமை வந்து, போட்டிருக்கிறனோ எண்டு பாக்கிறவ. இவனுக்கு வராது எண்டு நினைச்சன். வந்தால் பாப்பம் எண்டு நினைச்சன். நப்பி நிறம் மாறினது ஆஸ்பத்திரிக்கு வர ஒரு நாள் முந்தி. அண்டைக்கும் நான்தான் சட்டையைப் போட்டு விட்டனான்."

சாரங்கன் பிள்ளையின் காலிலிருந்து கையை எடுத்தான். நஞ்சு என்று தெரிந்து, நிறம் மாறியதையும் கண்டு, எண்ணெய் பூசி, பொத்தான் பூட்டி, தொப்பி போட்டுவிட்ட கைகள் அவனுக்கு முன்னால் இருந்தன. அதே கைகள் இப்போது பிள்ளையை அவ்வளவு பக்குவமாக ஏந்தியிருந்தன. எழுந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. இவள் அவனுடைய தங்கை, கூடாரத்தில் அவன் காய்ச்சலாய்க் கிடந்தபோது விசிறிக்கொண்டிருந்த சின்னஞ்சிறுசு.

"இவருக்கு மட்டும் சொல்லிப்போடாதை அண்ணா," என்றாள் யதுஷா. "அம்மா சொல்லாமல் விட்டவ எண்டே இருக்கட்டும். அவவுக்கு இனி என்ன?"

அவன் பதில் சொல்வதற்குள் கார்த்திகன் சோற்றுப் பொதிகளோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். இத்தனை நாளில் முதல் தடவையாகச் சவரம் செய்திருந்தான், முகம் சிரித்தது. மனைவியின் கண் கலங்கியிருப்பதைக் கண்டு, என்ன மச்சான், யது என்ன சொன்னவள் என்று சாரங்கனைக் கேட்டான்.

"அம்மாவை நினைச்சு அழுறாள்," என்றான் சாரங்கன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்டைக்கே கழற்றியிருப்பன் எண்டு."

யோசிக்கவே இல்லை. கேட்கப்பட்டதை மட்டுமல்ல, கேட்கப்படாத மிச்சத்தையும் சேர்த்து, அவ்வளவு அழகாகப் பொய் தன் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்ததைக் கேட்டு அவனுக்கே மேல் கூசியது. கார்த்திகன் பெருமூச்சு விட்டு, உங்கள் அம்மாவை இனி என் வீட்டு வாசலில் காணக்கூடாது என்றான். யதுஷா குனிந்து பிள்ளையின் வாயைத் துடைத்தாள். கார்த்திகன் ஒரு பொதியை விரித்து மச்சானுக்கு நீட்டினான், சாரங்கன் அதை வாங்கிக் கட்டில் ஓரத்தில் இருந்து சாப்பிடத் தொடங்கினான்.